பழைய ஆயிலைத் திரட்டி மீட்பது எப்படி: வட்டார அளவில் திட்டமிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

வண்டியின் அடியிலிருந்து வடிக்கப்படும் கருப்பு ஆயிலில் பெரும்பகுதி இன்னமும் நல்ல எண்ணெய்தான். என்ஜினுக்குள் ஓடும்போது செலவாகிப் போவது அதனுடன் கலக்கப்பட்டிருந்த சேர்மானங்கள். புதிதாக வந்து சேர்வது கரித்தூள், உலோகத் துகள், நீர், எரியாத எரிபொருள் ஆகியவை. இவற்றைப் பிரித்தெடுத்துவிட்டால் அடிப்படை எண்ணெய் திரும்பக் கிடைக்கிறது. ஒரு பீப்பாய், அதாவது ஏறத்தாழ 159 லிட்டர் கச்சா எண்ணெயிலிருந்து எவ்வளவு மசகு எண்ணெய் கிடைக்குமோ, அதே அளவை நான்கு லிட்டருக்கும் குறைவான பழைய ஆயிலிலிருந்து பெறலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்குச் சொல்கிறது.

இந்தக் கணக்கைப் பார்த்து உற்சாகம் கொள்வோர் பெரும்பாலும் மறுசுத்திகரிப்பு ஆலையிலிருந்து தொடங்குகிறார்கள். எந்த இயந்திரம், எத்தனை டன் கொள்ளளவு, எங்கே நிலம் என்று பேச்சு போகிறது. என் கருத்தில் இது தலைகீழான வரிசை. ஆலையைப் பணம் கொடுத்து வாங்கலாம்; அல்லது பக்கத்து வட்டாரத்தில் ஏற்கெனவே இயங்கும் ஆலைக்கு அனுப்பிவிடலாம். ஆனால் கலப்படமில்லாத பழைய ஆயில் மாதந்தோறும் தடையின்றி வந்து சேர்வதைப் பணம் மட்டும் கொடுத்து வாங்க முடியாது. ஒரு பட்டறையில் ஒருவர் மிச்சமிருந்த தின்னரை ஆயில் டிரம்மில் ஊற்றிவிட்டால், அந்த டிரம் கலந்த டேங்கர் முழுவதும் ஆலை வாசலில் திருப்பி அனுப்பப்படலாம். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி ஆயில் வடியும் இடத்தைப் பற்றியும், அங்கிருந்து ஆலை வாசல் வரை அது பயணப்படும் முறையைப் பற்றியுமே பேசுகிறது.

முதலில் கணக்கெடுப்பு

வட்டாரத்தில் ஓராண்டில் விற்பனையாகும் மசகு எண்ணெய் முழுவதும் திரும்பக் கிடைத்துவிடாது. என்ஜினுக்குள்ளேயே எரிந்துபோவது, கசிந்து சிந்துவது, இரண்டு வீச்சு என்ஜின்களில் எரிபொருளோடு கலந்து எரிவது, ரப்பர் போன்ற பொருள்களின் தயாரிப்பில் உட்கலந்துவிடுவது என்று ஏறக்குறைய பாதி மறைந்துவிடுகிறது. எனவே விற்பனை அளவில் பாதியை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே திட்டமிடுவதே பாதுகாப்பானது. ஆண்டுக்கு 1,000 கிலோலிட்டர் விற்பனையாகும் இடத்தில் 500 கிலோலிட்டருக்கு மேல் கிடைக்கும் என்று சொல்லும் திட்ட அறிக்கையை நம்ப வேண்டாம்.

விற்பனைப் புள்ளிவிவரம் தோராயத்தைத்தான் தரும். உண்மையான அளவை அறியப் பட்டறை பட்டறையாக நடந்துதான் ஆக வேண்டும். ஒரு காருக்கு 4 லிட்டர், ஒரு லாரிக்கோ பேருந்துக்கோ 25 முதல் 40 லிட்டர், ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு எத்தனை வண்டிகளுக்கு ஆயில் மாற்றுகிறார்கள் என்று கேட்டால் போதும். நூறு பேருந்துகள் உள்ள ஒரு பணிமனையில் ஆண்டுக்கு மூன்று முறை தலா 25 லிட்டர் மாற்றுவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 7,500 லிட்டர் கிடைக்கும். நாளுக்கு எட்டுக் கார்களுக்கு மட்டும் ஆயில் மாற்றும் ஒரு சாதாரணப் பட்டறையில், ஆண்டுக்கு 300 வேலை நாள்கள் என்றால், 9,600 லிட்டர் கிடைக்கும். பெரிய இடங்களை மட்டும் பார்த்துவிட்டுச் சிறிய பட்டறைகளை விட்டுவிடும் திட்டங்கள் ஏன் ஆயில் போதாமல் தடுமாறுகின்றன என்பதற்கு இந்த எளிய பெருக்கலே விடை. பட்டறைகளோடு கல்குவாரி, மண் அள்ளும் இயந்திரங்கள், படகுத்துறை, ஜெனரேட்டர்கள், ஹைட்ராலிக் அச்சு இயந்திரங்கள் உள்ள தொழிற்சாலைகள் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அதே நடையில் இன்னொரு கேள்வியையும் கேட்டுக் குறித்துக்கொள்வது அவசியம்: இப்போது அந்த ஆயில் எங்கே போகிறது? சூளையில் எரிக்க வாங்குபவர், கான்கிரீட் அச்சுப் பலகைகளில் பூச வாங்குபவர், மரத்தில் கரையான் ஏறாமலிருக்கத் தடவுபவர், புழுதி அடங்கத் தரையில் தெளிப்பவர் என்று பழைய ஆயிலுக்கு ஏற்கெனவே ஆட்கள் இருப்பார்கள். இவர்கள்தான் திட்டத்தின் உண்மையான போட்டியாளர்கள். புழுதிக்குத் தெளிப்பது பார்வைக்குச் சாதாரணமாகத் தோன்றும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1970களின் தொடக்கத்தில், டையாக்சின் என்ற நச்சு கலந்த ரசாயனக் கழிவைப் பழைய ஆயிலோடு கலந்து சாலைகளிலும் குதிரைக் கொட்டில்களிலும் தெளித்தார்கள். குதிரைகள் செத்து விழுந்தன. டைம்ஸ் பீச் என்ற சிற்றூரின் மண்ணில் நஞ்சு இருப்பது 1982இல் உறுதியானபின், சுமார் 2,000 பேர் வாழ்ந்த அந்த ஊரே காலிசெய்யப்பட்டது. பழைய ஆயில் தானாகச் செய்த கேடு அல்ல அது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அதில் கலந்துவிடலாம், கலந்தது கண்ணுக்குத் தெரியாது என்பதால் நேர்ந்த கேடு.

ஆயில் வடியும் இடம்

ஒவ்வொரு பட்டறைக்கும் திட்டம் தர வேண்டிய முதல் பொருள் மூடியுள்ள ஒரு டிரம். அதன்மேல் கம்பி வலை பொருத்திய அகலமான புனல். அடியில் சிந்தியதைத் தாங்க ஒரு தட்டு. டிரம்மின் மேல் ‘பழைய ஆயில் மட்டும்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். இதோடு, வேறு நிறத்தில் இன்னும் இரண்டு சிறிய கலங்களைத் தருவதுதான் பலரும் மறந்துவிடும் செய்தி: என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டுக்கு ஒன்று, பிரேக் ஆயில், தின்னர், கழுவிய பெட்ரோல் போன்றவற்றுக்கு ஒன்று. கூலன்டையும் பிரேக் ஆயிலையும் ஊற்ற வேறு இடம் இல்லாத பட்டறையில், ‘கலக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டுவதால் பயன் இல்லை. அவை எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். பக்கத்தில் இருக்கும் திறந்த வாய் ஆயில் டிரம்முடையதுதான்.

எதை ஏன் கலக்கக் கூடாது என்பதைப் பட்டறைக்காரருக்குக் காரணத்தோடு சொன்னால் நினைவில் நிற்கும். கூலன்டில் உள்ள கிளைக்கால், ஆலையில் ஆயிலைச் சூடாக்கி நீரை அகற்றும் கட்டத்தில் நுரைக்கிறது, குழாய்ச் சுவர்களில் படிகிறது. சில வகைத் தின்னர்களிலும் கிரீஸ் கழுவும் சில திரவங்களிலும் உள்ள குளோரின், சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறி வடிகலன்களை அரிக்கிறது. பெட்ரோல் சிறிதளவு சேர்ந்தாலும் ஆயிலின் தீப்பற்றும் வெப்பநிலை இறங்கிவிடுவதால், டேங்கரே ஆபத்தான சரக்காகிவிடுகிறது. சமையல் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களும், சில மூட்டுப் பசைகளில் உள்ள சிலிக்கோனும் கடைசிக் கட்ட வினையூக்கியைக் கெடுக்கின்றன. குளோரின் விஷயத்தில் சட்டங்களும் கண்டிப்பானவை: அமெரிக்க விதிப்படி, பத்து லட்சத்தில் 1,000 பங்குக்கு மேல் ஹாலோஜன் (குளோரின் சேர்ந்த தனிமக் குடும்பம்) காட்டும் பழைய ஆயில், அபாயகரமான கழிவு கலந்தது என்றே முதலில் கருதப்படும், அப்படியில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது.

டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலை மட்டும் தனியே சொல்ல வேண்டும். பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் பிசிபி எனப்படும் நச்சு இருக்கக்கூடும். நாடுகளுக்கிடையே அபாயகரக் கழிவுகள் போவதை நெறிப்படுத்தும் 1989ஆம் ஆண்டின் பாசல் உடன்படிக்கை, பயனிழந்த கனிம எண்ணெயை ஒய் 8 என்றும், பிசிபி கலந்த கழிவை ஒய் 10 என்றும் தனித்தனி வகைகளாகவே வைத்திருக்கிறது. ஆய்வறிக்கை கையில் இல்லாமல் எந்த மின்மாற்றி எண்ணெயையும் சேகரிப்பு வண்டியில் ஏற்றக் கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம்.

நீர் நஞ்சு அல்ல, ஆனால் நாள்தோறும் தொல்லை தருவது அதுதான். வெளியில் நிமிர்த்தி வைத்த டிரம்மின் மூடியில் மழைநீர் தேங்குகிறது. பகலில் சூடேறி விரிந்த உள்காற்று இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, மூடியின் திருகு வழியே அந்த நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. மூடி இறுக்கமாக இருக்கிறதே, தண்ணீர் எப்படிப் போயிற்று என்று பட்டறைக்காரர் உண்மையாகவே வியப்பார். கூரையின் கீழ் வைப்பதே தீர்வு. அதற்கு இடமில்லாவிட்டால் மூடிமேல் கவிழ்க்கும் ஒரு தொப்பி போதும்.

ஆயில் ஃபில்டர்களையும் இதே சுற்றில் வாங்கிக்கொள்ளலாம். சூடு ஆறுவதற்கு முன் முனையில் துளையிட்டு, 12 மணி நேரம் கவிழ்த்து வடித்தபின் நசுக்கினால், அது நல்ல இரும்புக் கழிவு. வேலை செய்பவர்கள் எண்ணெய் ஊறாத கையுறை அணிய வேண்டும். பயன்படுத்திய பெட்ரோல் என்ஜின் ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்திருக்கும் என்பதால், ஆயில் ஊறிய துணியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நாள் முழுவதும் திரியும் பழக்கத்தை விட்டாக வேண்டும்.

வீட்டிலேயே ஆயில் மாற்றுவோருக்குப் பொதுச் சேகரிப்பு மையங்கள் தேவை. ஆனால் ஆள் இல்லாத மையத்தை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பூட்டில்லாத தொட்டிக்குள் இரவில் என்னென்ன வந்து விழும் என்பதைக் காலையில் யாராலும் சொல்ல முடியாது. வாரத்தில் இரண்டு அரை நாள்கள், ஓர் ஆளோடு, தலைக்கு 20 லிட்டர் வரம்போடு நடத்தினால் போதுமானது.

வண்டியும் மாதிரிப் புட்டியும்

ஒரு லிட்டர் பழைய ஆயில் ஏறத்தாழ 0.88 கிலோ எடை உள்ளது. 200 லிட்டர் டிரம் நிறைந்தால் 175 கிலோவைத் தாண்டும். டிரம்களைத் தூக்கி ஏற்றுவதை விட, உறிஞ்சு பம்பும் நீண்ட குழாயும் உள்ள சிறிய டேங்கரே ஏற்றது. வண்டியில் குறைந்தது இரண்டு அறைகள் இருக்கட்டும். ஐயத்துக்குரிய சரக்கைத் தனியே ஏற்ற ஒன்று வேண்டும். மணல் அல்லது மரத்தூள் மூட்டை, சிந்தியதை உறிஞ்சும் விரிப்பு, தீயணைப்பான், நிலத்தொடர்புக் கம்பி ஆகியவை இல்லாமல் வண்டி புறப்படக் கூடாது. பெரிய இடங்களுக்கு நாள் குறித்துப் போவதும், சிறிய பட்டறைகள் டிரம் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் செய்தி அனுப்பினால் அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்வதும் நடைமுறைக்கு ஒத்துவரும். சொன்ன நாளில் வண்டி வராவிட்டால், நிரம்பிய டிரம் அன்று மாலையே சூளைக்காரருக்குப் போய்விடும்; பட்டறைக்காரரைக் குறை சொல்வதில் பொருளில்லை.

குழாயை இறக்குமுன் ஓட்டுநர் செய்ய வேண்டியவை சில நிமிட வேலைதான். நீர் கண்டறியும் பசை தடவிய அளவுகோலை அடிவரை விட்டு எடுத்தால், நீர் நிற்கும் உயரம் வரை பசையின் நிறம் மாறியிருக்கும். பெட்ரோலையும் தின்னரையும் திறந்ததும் எழும் வாடையே காட்டிக்கொடுத்துவிடும்; ஆனால் குனிந்து ஆழமாக முகர்ந்து பார்க்கக் கூடாது. குளோரினுக்கு, செம்புக் கம்பியைச் சுடரில் காய்ச்சி ஆயிலில் தொட்டு மறுபடியும் சுடரில் காட்டினால், குளோரின் இருக்கும்போது பச்சைச் சுவாலை எழும். இந்தச் சோதனையை வண்டியிலிருந்தும் டிரம்களிலிருந்தும் வெகு தூரம் தள்ளி, திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டும். இது ஐயத்தைக் கிளப்பும் சோதனையே தவிர, அளவு சொல்லாது. கைப்பெட்டியில் வரும் குளோரின் அளவுச் சோதனையை வாங்க வசதியிருந்தால் சுடரே வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது மாதிரிப் புட்டி. ஒவ்வோர் இடத்திலும் உறிஞ்சுவதற்கு முன் அரை லிட்டர் மாதிரி எடுத்து, மூடி முத்திரையிட்டு, தேதியும் இடத்தின் எண்ணும் எழுதி, பட்டறைக்காரரும் ஓட்டுநரும் கையெழுத்திட வேண்டும். அந்தச் சரக்கு ஆலையில் ஏற்கப்பட்ட செய்தி வரும் வரை புட்டி கிடங்கில் இருக்கும். டேங்கரில் பதினைந்து இடத்து ஆயில் கலந்தபின் எது கெட்டது என்று தேட வேறு வழியே கிடையாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி இந்த ஒரு வேலையைக் கைவிடும் திட்டங்கள், பிறகு மாதக்கணக்கில் ஒருவரை ஒருவர் சந்தேகித்துக்கொண்டிருக்க நேரும்.

புட்டியோடு ரசீதும் சேர வேண்டும்: மூன்று படிகள், ஒன்று பட்டறைக்கு, ஒன்று ஓட்டுநருக்கு, ஒன்று கிடங்குக்கு. மாத முடிவில் ரசீதுகளின் கூட்டுத்தொகையும், தொட்டி அளவும், ஆலைக்கு அனுப்பிய எடையும், வடித்த நீரும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வழியில் எங்கோ ஆயில் விற்கப்படுகிறது, அல்லது எங்கோ நீர் வாங்கப்படுகிறது.

இடைக்கிடங்கு

ஆலை தொலைவில் இருக்கும்போது, சிறிய வண்டிகள் கொண்டுவருவதைச் சேர்த்துவைத்துப் பெரிய டேங்கரில் அனுப்ப ஓர் இடைக்கிடங்கு தேவைப்படும். தொட்டிகளைச் சுற்றி எழுப்பும் காங்கிரீட் தடுப்புச் சுவர், மிகப்பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. தடுப்புக்குள் சேரும் மழைநீரை வெளியேற்றும் வால்வு எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும். அதைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், சுவர் கட்டியதே வீண்.

வந்த சரக்கை நேராகப் பெருந்தொட்டியில் இறக்காமல், ஒரு காத்திருப்புத் தொட்டியில் இறக்கிச் சோதித்தபின் மாற்றுவதே ஒழுங்கு. இங்கே சூடான தகட்டில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம்: நீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். என்ஜின் ஆயிலில் அழுக்கை மிதக்க வைக்கச் சேர்க்கும் அதே சேர்மானங்கள் நீரையும் நுண்துளிகளாகப் பிடித்து வைத்துக்கொள்வதால், சும்மா வைத்திருந்தால் நீர் எளிதில் அடியில் படியாது. மிதமாகச் சூடாக்கிச் சில நாள் அசையாமல் விட்டால் பிரியும். அப்படி வடித்த நீர் எண்ணெயும் உலோகமும் கலந்தது. சாக்கடையில் விடாமல் சுத்திகரிப்புக்கே அனுப்ப வேண்டும்.

எந்த ஆலைக்கு, எந்த முறைக்கு

பழைய ஆயிலை மறுபடியும் மசகு எண்ணெயாக்குவது முதல் தெரிவு. எரிபொருளாகப் பயன்படுத்துவது அதற்கு அடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டமும், அதன் 2018ஆம் ஆண்டுத் திருத்தமும் இதே வரிசையைத்தான் வைக்கின்றன. எரித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் இயங்கும் சிமென்ட் சூளை ஏற்கத்தக்கது. தாழ்ந்த வெப்பத்தில் எரியும் சிறிய அடுப்புகளிலும் திறந்த சூளைகளிலும், ஆயிலில் உள்ள துத்தநாகமும் பிற உலோகங்களும் புகையோடு வெளியே வந்து அக்கம்பக்கத்தில் படிகின்றன.

மறுசுத்திகரிப்பு ஆலையின் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், முதலில் சூடாக்கி நீரும் பெட்ரோல் போன்ற இலகு பகுதிகளும் அகற்றப்படும். அடுத்து டீசல் ஒத்த பகுதி பிரிக்கப்படும். பிறகு வெற்றிடத்தில், சுவரில் மெல்லிய படலமாக ஓடவிட்டு ஆவியாக்கும் கலன்களில் அடிப்படை எண்ணெய் வடிக்கப்படும். வெற்றிடம் எதற்கு என்றால், சாதாரணக் காற்றழுத்தத்தில் கொதிக்கும் அளவுக்குச் சூடேற்றினால் எண்ணெய் மூலக்கூறுகளே சிதைந்துவிடும். அடியில் தங்கும் கெட்டியான மிச்சம், சேர்மானங்களையும் உலோகங்களையும் சுமந்துகொண்டு, தாரோடு கலக்கப் போகிறது. வடித்த எண்ணெயை ஹைட்ரஜனோடு வினையூக்கியின் மேல் செலுத்தினால் கந்தகமும் நிறமும் நீங்கி, கச்சா எண்ணெயிலிருந்து வரும் அடிப்படை எண்ணெயோடு ஒப்பிடத்தக்க தரம் கிடைக்கிறது.

கந்தக அமிலத்தை ஊற்றிக் களிமண்ணால் வெளுக்கும் பழைய முறையை இன்னமும் மலிவு என்று சொல்லி விற்க வருவார்கள். மலிவுதான், ஆனால் மிஞ்சும் அமிலச் சேற்றை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இருக்காது. வாங்க வேண்டாம்.

நவீன ஆலை கட்டுப்படியாக ஆண்டுக்குப் பல்லாயிரம் டன் ஆயில் வேண்டும். ஒரு வட்டாரத்தால் தனியாக இதைத் தர இயலாதென்றால், நான்கைந்து வட்டாரங்கள் சேர்ந்து ஓர் ஆலையோடு ஒப்பந்தம் செய்துகொள்வதே அறிவுடைமை. ஒப்பந்தத்தில் நீர், குளோரின், பிசிபி, தீப்பற்றும் வெப்பநிலை ஆகியவற்றின் வரம்புகளோடு, சரக்கு தள்ளுபடி செய்யப்பட்டால் திருப்பி எடுத்துவரும் செலவு யாருடையது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பணம்

பழைய ஆயிலின் விலை கச்சா எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும். விலை உயர்ந்த காலத்தில் எல்லோரும் சேகரிக்க வருவார்கள். விழுந்த மாதத்தில் ஒருவரும் வரமாட்டார்கள், டிரம்கள் நிரம்பி வழியும். இதைச் சமாளிக்கப் பல நாடுகள் புதிய எண்ணெய் விற்பனையின் மேல் ஒரு சிறு கட்டணம் விதித்து, அந்த நிதியிலிருந்து சேகரிப்புக்கும் மீட்புக்கும் உதவித்தொகை தருகின்றன. ஜெர்மனி 1968இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. ஆஸ்திரேலியாவில் 2001இல் தொடங்கிய திட்டம், எண்ணெயை எரிபொருளாக்குவோரை விட மீண்டும் அடிப்படை எண்ணெயாக்குவோருக்கு லிட்டருக்கு அதிகத் தொகை தருகிறது. சட்டம் இயற்றும் அதிகாரம் வட்டாரத்துக்கு இல்லாவிட்டாலும், விலை ஏறிய மாதங்களின் உபரியில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்து, விழுந்த மாதங்களில் வண்டியை நிறுத்தாமல் ஓட்டுவது எவருக்கும் இயலும்.

பட்டறைக்குப் பணம் கொடுக்கும் முறையில் ஒரு கண்ணி உண்டு. வெறும் லிட்டர் கணக்கில் கொடுத்தால் தண்ணீருக்கும் காசு கொடுத்ததாகும். அது சில வாரங்களிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். கிடங்குச் சோதனைக்குப் பின், நீர் அளவைக் கழித்துக்கொண்டு கணக்கு முடிப்பதும், மூன்று மாதம் தொடர்ந்து குறையில்லாமல் தந்த பட்டறைக்குக் கூடுதல் விலை கொடுப்பதும் நல்லது.

தொடங்கும்போது ஒரு வண்டி, ஒரு கிடங்கு, இருபது முப்பது இடங்கள் போதும். ஆலை தள்ளுபடி செய்யாத சரக்கு மூன்று மாதம் தொடர்ந்து போனபின் வட்டத்தை விரிக்கலாம். என்றேனும் ஒரு டேங்கர் திரும்பி வரத்தான் செய்யும். அன்று அதை மறு ஆய்வு வரை காத்திருப்புத் தொட்டியில் தனியே இறக்கி வைத்து, அந்தச் சுற்றின் மாதிரிப் புட்டிகளை வரிசையாக எடுத்து ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். கெட்ட புட்டி எந்தப் பட்டறையுடையது என்று தெரிந்ததும் அடுத்த நாளே ஒருவர் நேரில் போக வேண்டும். அபராதச் சீட்டுக்கு முன்னால், தின்னர் ஊற்றுவதற்கான அந்தச் சிறிய கலம் அங்கே இன்னும் இருக்கிறதா, நிரம்பி வழிந்தும் யாரும் எடுக்காமல் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.